59 சென்ரிமீற்றருக்குள்

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வீதியால் கோப்பாய், நீர்வேலி, சிறுப்பிட்டி தாண்டி வந்தால் புத்தூர்ச் சந்தி. அங்கே ஒரு ஸ்ரிக்கர் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். காலையில் ஒரு தோட்டக்காரர் வருகிறார். மருந்தடிக்கும் தாங்கியில் பெயர் அடிக்க அவருக்கு ஒரு ஸ்ரென்சில் வேண்டும். அடுத்து தொண்டைமானாற்றுப் பக்கத்திலிருந்து ஒருவர். படகின் பதிவு இலக்கத்தை இரண்டு பக்கமும் எழுத வேண்டும், முடிவில் யாழ்ப்பாணத்தைக் குறிக்கும் ஜே.எஃப்.என் வர வேண்டும். மத்தியானம் ஒரு பாடசாலையிலிருந்து ஆள் வருகிறார். விளையாட்டுப் போட்டிக்கு வட்டமான இல்லச் சின்னங்கள். ஒவ்வொரு வேலையும் வந்த வரிசையிலேயே புளொட்டரில் ஏறி வெட்டுப்பட்டு இறங்குகிறது. பொழுது சாயும்போது மேசைக்குக் கீழே சாக்கு நிறைய வெட்டுத்துண்டுகள்.

அந்தச் சாக்கை நிரப்பியது கத்தி என்றுதான் தோன்றும். உண்மையில் கத்தி இறங்குவதற்கு முன்னரே, கணினித் திரையில் உருவங்களை எங்கே வைப்பது, எந்த வேலையை எந்த வேலையோடு சேர்ப்பது என்று முடிவெடுத்தபோதே அந்தக் கழிவின் அளவு தீர்மானமாகிவிட்டது. கத்தி அந்த முடிவை நிறைவேற்றுகிறது, அவ்வளவுதான். இந்த அத்தியாயம் அந்த முடிவைப் பற்றியது. அதற்குள் எண்பது வருடங்களுக்கு மேற்பட்ட கணிதம் இருக்கிறது. அதில் பாதியையாவது ஒரு சிறு கடை நாளைக்கே பயன்படுத்தலாம்.

முதலில் பொறியைப் பார்ப்போம். சிறு கடைகளில் இருக்கும் புளொட்டரில் வினைல் முன்னும் பின்னும் நகரும். கத்தி இடமும் வலமும் நகரும். இரண்டு அசைவும் சேர்ந்தால் எந்த வளைவையும் வரையலாம். கத்தி பேனாவைப் போல நடுவில் கூராக இருப்பதில்லை. அதன் முனை, பிடியின் அச்சிலிருந்து கால் மில்லிமீற்றர் அளவுக்குப் பின்தள்ளி இருக்கும். போகும் திசைக்குத் தானாகவே திரும்பிக்கொள்ளும். படலத்தை அரித்தெடுக்காமல் பிளந்துகொண்டு போவதால் வெட்டுக்கோட்டுக்கு அகலமே இல்லை. லேசர் அப்படியல்ல, அது வெட்டுகிற கோட்டின் அகலத்துக்குப் பொருளை எரித்துவிடும். கத்தி வெட்டில் இரண்டு துண்டுகள் ஒரே விளிம்பைப் பகிர்ந்துகொள்ளலாம் என்பது இதனால் வரும் வசதி. இதைக் கடைசிவரை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

வழக்கமாகக் கிடைக்கும் வினைல் றோலின் அகலம் 61 சென்ரிமீற்றர், அதாவது இரண்டு அடி. படலத்தைப் பிடித்து இழுக்கும் றோலர்களுக்காக ஓரத்தில் ஒவ்வொரு சென்ரிமீற்றர் விட்டால் 59 மிஞ்சும். நீளத்துக்குக் குறைவில்லை, றோல் பல மீற்றர் ஓடும். ஆகவே கணக்கு இதுதான்: 59 சென்ரிமீற்றர் அகலத்துக்குள் எல்லாவற்றையும் அடுக்கி, செலவாகும் நீளத்தைக் குறைக்க வேண்டும்.

செவ்வக ஸ்ரென்சில்களில் தொடங்குவோம். மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் பத்துத் தகடு. எல்லாத் தகடும் 40 சென்ரிமீற்றர் நீளம். அகலம் முதலாமவருக்கு 25, இரண்டாமவருக்கு 20, மூன்றாமவருக்கு 14. வந்த வரிசையில் வெட்டினால் 25 அகலமுள்ளவை வரிசைக்கு இரண்டு வீதம் ஐந்து வரிசை; 20 அகலமுள்ளவையும் வரிசைக்கு இரண்டு வீதம் ஐந்து வரிசை; 14 அகலமுள்ளவை வரிசைக்கு நான்கு வீதம் மூன்று வரிசை. மொத்தம் 13 வரிசை, 5 மீற்றர் 20 சென்ரிமீற்றர் செலவு. கொஞ்சம் கவனமான வேலையாள், 20 சென்ரிமீற்றர்த் தகடுகளுக்குப் பக்கத்தில் 19 சென்ரிமீற்றர் சும்மா கிடப்பதைக் கண்டு அங்கே வரிசைக்கொரு 14ஐச் செருகுவார். அப்போது 12 வரிசை. 40 சென்ரிமீற்றர் மிச்சம், நல்லதுதான்.

ஆனால் 25, 20, 14 மூன்றையும் கூட்டிப் பாருங்கள். சரியாக 59. ஒவ்வொரு வரிசையிலும் மூன்று வகையிலும் ஒவ்வொன்றை வைத்தால் பத்து வரிசையில், 4 மீற்றரில், எல்லாம் முடிந்துவிடும். 1 மீற்றர் 20 சென்ரிமீற்றர் மிச்சம், அதாவது 23 சதவீதம். கத்தியும் அதே, படலமும் அதே. மாறியது ஒன்றே: மூன்று வேலைகளும் ஒன்றுக்கொன்று காத்திருந்தன. கழிவைக் குறைக்க என்ன செய்யலாம் என்று ஒரு கடைக்காரர் என்னிடம் கேட்டால், புதுப் பொறியையோ புது மென்பொருளையோ சொல்லமாட்டேன். அவசரமில்லாத வேலைகளை ஒரு நாள் தாமதித்துச் சேர்த்து வெட்டுங்கள் என்பேன்.

எண்கள் எப்போதும் இப்படி அழகாகக் கூடுவதில்லை. முப்பது வகை அகலங்களும், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு தொகையும் இருந்தால் எந்தச் சேர்க்கை சிறந்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இந்தக் கேள்வியைக் கணிதமாக எழுதிப் பார்த்தவர் லெனின்கிராட்டைச் சேர்ந்த லியோனித் கன்டரோவிச். ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைகளுக்கான ஆய்வுகூடமொன்று 1938இல் தன் பொறிகளுக்கு வேலையை எப்படிப் பங்கிடலாம் என்று அவரிடம் கேட்டது. அந்தக் கேள்விக்கும், பலகையையும் தகட்டையும் வீணில்லாமல் வெட்டும் கேள்விக்கும் அடியில் இருப்பது ஒரே கணிதம் என்று அவர் கண்டார். 1939இல் அவர் வெளியிட்ட சிறு நூலில் வெட்டும் சிக்கலும் ஒன்றாக இடம்பெற்றது. 1951இல் சக கணிதவியலாளர் சால்காலருடன் சேர்ந்து, தொழிற்சாலைப் பொருட்களைச் சிக்கனமாக வெட்டுவதைப் பற்றி மட்டுமே ஒரு முழு நூல் எழுதினார். 1975இல் பொருளியலுக்கான நோபல் பரிசு அவருக்கும் பொருளியலாளர் கூப்மன்ஸுக்கும் கிடைத்தது. ஒட்டுப்பலகைப் பொறிகளில் தொடங்கிய சிந்தனை ஒரு நாட்டின் வளங்களைப் பங்கிடும் கோட்பாடாக வளர்ந்ததற்குக் கிடைத்த பரிசு அது.

1961இல் ஐ.பி.எம் நிறுவனத்தின் கில்மோரும் கொமோரியும் அடுத்த அடியை எடுத்து வைத்தார்கள். ஒரு றோலை வெட்டக்கூடிய சேர்க்கைகள் கோடிக்கணக்கில் இருக்கலாம். எல்லாவற்றையும் எழுதிவைப்பது நடவாத காரியம். ஆகவே கையில் இருக்கும் சில சேர்க்கைகளைக் கொண்டு ஒரு தற்காலிக விடை காணுங்கள் என்றார்கள். அந்த விடை ஒவ்வொரு அகலத்துக்கும் ஒரு விலையைக் காட்டும்: இந்த அகலத்தில் இன்னொரு துண்டு கேட்டால் எவ்வளவு றோல் கூடுதலாகச் செலவாகும் என்ற விலை. பிறகு அந்த விலைகளின்படி, ஒரு றோலின் விலையைவிடக் கூடிய பெறுமதியை அதன் அகலத்துக்குள் அடைக்கும் புதுச் சேர்க்கை ஏதாவது உண்டா என்று தேடுங்கள். இருந்தால் பட்டியலில் சேர்த்துத் திரும்பக் கணக்கிடுங்கள், இல்லையென்றால் நிறுத்தலாம். தேவைப்படும் சேர்க்கைகளை மட்டும், தேவைப்படும்போது மட்டும் உருவாக்கும் இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. கடதாசி ஆலைகள் பல தங்கள் றோல்களை வெட்டுவது இன்றும் இந்த வழியை ஒட்டித்தான்.

செவ்வகத்தை விட்டு வட்டத்துக்கு வந்தால் வேறொரு புதினம். பாடசாலைக்கு வேண்டிய இல்லச் சின்னங்கள் 36. இடைவெளியும் சேர்த்து ஒவ்வொன்றும் 9 சென்ரிமீற்றர் விட்டம். கட்டங்கட்டமாக வைத்தால் வரிசைக்கு ஆறு, ஆறு வரிசை, 54 சென்ரிமீற்றர் நீளம். ஒவ்வொரு இரண்டாவது வரிசையையும் அரை வட்டம் தள்ளி, மேல்வரிசையின் பள்ளங்களுக்குள் இறக்கினால் வரிசைகள் நெருங்கும். 9 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக இருந்தவை 7.8க்கு ஒன்றாக வரும். தள்ளிய வரிசையில் ஆறு வட்டத்துக்கு 58.5 சென்ரிமீற்றர் அகலம் வேண்டும், 59க்குள் அடங்கிவிடுகிறது. மொத்த நீளம் 48. ஆறு சென்ரிமீற்றர், 11 சதவீதம் மிச்சம். தேன்கூட்டில் நாம் காணும் அடுக்கு இதுதான். எல்லையில்லாத தளத்தில் வட்டங்களை இதைவிட நெருக்க முடியாது, அப்போதும் 90.69 சதவீத இடமே நிரம்பும். இதற்கு முழுமையான நிறுவலைத் தந்தவர் ஹங்கேரியின் லாஸ்லோ ஃபெயெஷ் டோத்.

அப்படியானால் எப்போதும் தேன்கூட்டு அடுக்கையே வைத்துவிடலாமா? சின்னத்தின் விட்டத்தை அரைச் சென்ரிமீற்றர் கூட்டி 9.5 ஆக்கிப் பாருங்கள். நேர்வரிசையில் ஆறு வட்டம் 57 சென்ரிமீற்றருக்குள் அடங்கும். தள்ளிய வரிசையில் ஆறுக்கு 61.75 வேண்டும், அடங்காது, ஐந்துதான் வைக்கலாம். 6, 5, 6, 5 என்று போனால் 36 வட்டத்துக்கு ஏழு வரிசை தேவை, நீளம் 58.9. கட்ட அடுக்கு 57இல் முடிந்திருக்கும். எல்லையில்லாத தளத்தின் சிறந்த விடை, 59 சென்ரிமீற்றர் றோலில் தோற்றுவிட்டது. கணிதப் புத்தகத்தில் படித்ததைக் கடையில் அப்படியே பிரயோகிக்க முடியாதது இதனால்தான்: ஓரம் எங்கே இருக்கிறது என்பது கேள்வியையே மாற்றிவிடுகிறது. இன்னொன்றும் கவனியுங்கள். 9.5 கேட்டவரிடம், 9 போதுமா என்று ஒரு வார்த்தை கேட்டால் 57 சென்ரிமீற்றர் 48 ஆகிறது. வடிவமைக்கும் நேரத்தில் அரைச் சென்ரிமீற்றர் விட்டுக்கொடுப்பது, வெட்டும் நேரத்தில் எவ்வளவு கெட்டித்தனம் காட்டியும் கிடைக்காத மிச்சத்தைத் தரும்.

சதுரத்தில் சிக்கலே இல்லை என்று நினைப்போம். பக்கம் ஓர் அலகாக உள்ள ஐந்து சதுரங்களை ஒரு பெரிய சதுரத்துக்குள் வைக்க வேண்டும். நேராக அடுக்கினால் பக்கம் 3 வேண்டும். நான்கை மூலைகளில் வைத்து, ஐந்தாவதை 45 பாகை சரித்து நடுவில் வைத்தால் 2.707 போதும். பதினொரு சதுரத்துக்கு நிலைமை இன்னும் விசித்திரமானது. 1979இல் வால்டர் டிரம்ப் கண்ட அடுக்கில் சில சதுரங்கள் 40 பாகைக்குச் சற்று மேல் சரிந்து, ஒழுங்கே இல்லாததுபோலக் கிடக்கும். பக்கம் கிட்டத்தட்ட 3.877. அதைவிடச் சிறியது இல்லை என்று இன்றுவரை யாரும் நிறுவவில்லை. வெறும் பதினொரு சதுரம்! கையிலிருக்கும் வெட்டுத்துண்டுக்குள் கடைசி உருவம் நூலிழையில் அடங்காதபோது, அதைச் சரித்துப் பார்க்கத் தயங்கக் கூடாது. ஒரே நிறப் படலத்துக்கு இழையோட்டம் கிடையாது, எப்பக்கம் திருப்பினாலும் ஒன்றுதான். ஒளியைத் திருப்பும் படலமும் கோடிழுத்த உலோகத் தோற்றப் படலமும் மட்டும் விதிவிலக்கு. அவற்றை வேறு திசையில் ஒட்டினால் நிறம் மாறித் தெரியும்.

இனி எழுத்துகள், சின்னங்கள், படகு, மயில் என்று ஒழுங்கற்ற உருவங்கள். பத்து உருவங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைக்கும் வரிசைகள் 36 இலட்சத்துக்கு மேல். ஒவ்வொன்றையும் நான்கு திசைகளில் திருப்பலாம் என்றால் மொத்தம் ஏறக்குறைய 3 இலட்சத்து 80 ஆயிரம் கோடி வழிகள். நொடிக்குப் பத்து இலட்சம் வழிகளைச் சோதிக்கும் கணினிக்கும் 44 நாள் வேண்டும். ஆகவே மென்பொருள்கள் எல்லாவற்றையும் சோதிப்பதில்லை. அவை முதலில் செய்வது இது: ஓர் உருவத்தை நிலையாக வைத்து, மற்றதை அதன் விளிம்பைத் தொட்டபடி சுற்றிவரச் செய்யும். சுற்றும் உருவத்தின் ஒரு புள்ளி வரையும் கோட்டைக் குறித்துக்கொள்ளும். அந்தப் புள்ளி கோட்டுக்கு வெளியே இருக்கும்வரை இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாது. சிக்கலான இரு உருவங்கள் மோதுகின்றனவா என்ற கேள்வி, ஒரு புள்ளி உள்ளேயா வெளியேயா என்ற கேள்வியாகச் சுருங்கிவிடுகிறது. அதன்மேல் வரிசையை மாற்றி மாற்றி, நல்ல அடுக்குகளைக் கலந்து இன்னும் நல்லதை உண்டாக்கும் தேடல் நடக்கும். எஸ்.வி.ஜி.நெஸ்ட் என்ற இலவசத் திறமூல மென்பொருள் இதைத்தான் செய்கிறது. தேநீர் குடித்து வருவதற்குள் அது தரும் விடை, பெரும்பாலும் கையால் அடுக்குவதை வென்றுவிடும். அதிசிறந்த விடை அதுதானா என்று அதற்கும் தெரியாது. கடைக்கு அது தேவையும் இல்லை.

தமிழ் எழுத்துகள் இதில் தனிக் கவனம் கேட்பவை. இகர, ஈகாரக் குறிகள் மேலே ஏறும். உகர, ஊகாரக் குறிகள் கீழே இறங்கும். ‘புத்தூர்’ என்ற ஊர்ப்பெயரை எடுத்துக்கொண்டால், கீழே இறங்கும் வால்களுக்கு இடையில் நீளமான வெற்றிடம் கிடக்கும். அடுத்த பெயரைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால் அதன் வால்களும் இதன் வால்களும் ஒன்றன் இடைவெளிக்குள் மற்றது நுழைந்துகொள்ளும். தையல்காரர் சட்டைக் கைகளை ஒன்றை நேராகவும் ஒன்றைத் தலைகீழாகவும் வைத்து வெட்டுவதும் இந்தக் காரணத்துக்காகவே.

ஸ்ரென்சிலுக்கு இன்னொரு தொல்லை உண்டு. ‘நிலாவரை’ என்று வெட்டினால் ‘வ’ எழுத்தின் சுழிக்குள் இருக்கும் துண்டும், ஐகாரக் கொம்பின் சுழிகளுக்குள் இருக்கும் துண்டுகளும் தனியே கழன்று விழுந்துவிடும். தடித்த மைலார் பிளாஸ்ரிக் தாளில் வெட்டும்போது, அவற்றைப் பிடித்துவைக்க இரண்டு மூன்று மில்லிமீற்றர் அகலத்தில் பாலம் விட வேண்டும். பாலத்தை மறந்து வெட்டிய தகடு முழுவதும் வீண். அடுக்கலில் சேமித்ததெல்லாம் அந்த ஒரு தகட்டோடு போய்விடும். ஒட்டும் வினைலில் பாலம் தேவையில்லை. சுழித்துண்டுகள் படலத்தின் பின்னால் இருக்கும் அடித்தாளில் தம் இடத்திலேயே ஒட்டியிருக்கும். மேலே ட்ரான்ஸ்பர் ரேப்பை ஒட்டி எல்லாவற்றையும் ஒன்றாகத் தூக்கிச் சுவரில் பதிக்கலாம்.

இங்கேதான் கத்தி வெட்டுக்கு அகலமில்லை என்ற விடயம் கைகொடுக்கிறது. கடைப்பெயரை ஸ்ரிக்கராக வெட்டினால் எழுத்துகள் வேண்டும், சுற்றியிருக்கும் படலம் குப்பை. ஸ்ரென்சிலாக வெட்டினால் சுற்றியிருப்பது வேண்டும், எழுத்துகள் குப்பை. ஒருவருக்குக் கண்ணாடிக் கதவில் ஸ்ரிக்கரும் சுவரில் வர்ணப் பெயரும் ஒரே அளவில் வேண்டுமென்றால், ஒரே வெட்டில் இரண்டையும் எடுத்துவிடலாம். பெரிய எழுத்துகளைச் சாமணத்தால் ஒவ்வொன்றாக உரித்து வேறொரு அடித்தாளில் வையுங்கள். சுற்றுப்படலமும் சுழித்துண்டுகளும் பழைய அடித்தாளிலேயே நிற்கும். அது ஒரு முழு ஸ்ரென்சில். லேசரில் வெட்டியிருந்தால் எழுத்து சற்று மெலிந்தும் துளை சற்றுப் பெருத்தும் போயிருக்கும். கத்தியில் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தும். சிறிய எழுத்துகளில் இது பொறுமையைச் சோதிக்கும். ஐந்து சென்ரிமீற்றருக்கு மேல் உயரமுள்ளவற்றில் முயலலாம்.

இவ்வளவு அக்கறை ஏன் என்பதற்கு முதற்காரணம் காசு. படலம் இறக்குமதியாகி வருவது. 2022 மார்ச்சில் இலங்கை ரூபா மிதக்கவிடப்பட்டபின், 200 ரூபா அளவில் இருந்த டொலர் இரண்டு மாதங்களுக்குள் 350ஐத் தாண்டியது. மூன்று வேலைகளைச் சேர்த்ததால் மிஞ்சிய 23 சதவீதம் என்பது அப்போது வாடகைப் பணம்.

மற்றக் காரணம் நிலத்துக்குக் கீழே இருக்கிறது. புத்தூருக்கு அருகே நவக்கிரியில் இருக்கும் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல நீர், ஆழத்தில் உவர்நீர். யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் நிலைமை ஏறக்குறைய இதுதான்: சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் மழைநீர் ஒரு மெல்லிய படையாக உவர்நீரின் மேல் மிதக்கிறது. வருடம் முழுவதும் ஓடும் ஆறு எங்களுக்கு இல்லை. குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் அந்தப் படையிலிருந்துதான். சுண்ணக்கல் வெடிப்பு எதையும் வடிகட்டித் தருவதில்லை. மேலே கொட்டியதில் நீரில் கரையக்கூடியது கிணற்றுக்கு வந்து சேரும். வினைல் என்பது பி.வி.சி, அது வளைய வேண்டும் என்பதற்காகச் சேர்க்கும் மென்மையாக்கிகள் காலப்போக்கில் அதிலிருந்து கசியக்கூடியவை. கொளுத்தினால் ஹைட்ரஜன் குளோரைட்டு வாயு கிளம்பும். குறைந்த சூட்டில் புகைந்தால் டையொக்சின்களும் உண்டாகும். பிளாஸ்ரிக்கைத் திறந்த வெளியில் எரிப்பதை இலங்கை 2017இல் தடைசெய்தது. புதைக்கவும் முடியாது, எரிக்கவும் கூடாது என்றால், வெட்டுத்துண்டு உருவாகாமல் பார்ப்பதுதான் மிஞ்சும் வழி. ஒட்டும் படல ஸ்ரென்சில் ஒரு தடவை வர்ணம் அடித்ததும் முழுவதுமாகக் குப்பைக்குப் போகிறது என்பதையும் இதோடு சேர்த்து எண்ண வேண்டும். ஒரே பெயரைப் பத்துத் தடவை அடிக்கப் போகிறவருக்கு, கழுவிக் கழுவிப் பாவிக்கக்கூடிய மைலார்த் தகடு ஒன்றே சரி. எந்த அடுக்கலும் அந்தச் சேமிப்புக்குக் கிட்ட வராது.

நெருக்கி அடுக்குவதற்கு ஒரு எல்லையும் உண்டு. பத்துச் சென்ரிமீற்றர் உருவங்களுக்கிடையில் 5 மில்லிமீற்றர் இடைவெளியை 2 ஆக்கினால் நீளத்தில் 3 சதவீதம் அளவு மிச்சம். ஆனால் வேண்டாத பகுதியை உரிக்கும்போது அந்த 2 மில்லிமீற்றர் இழை அறுந்து பக்கத்து உருவத்தையும் இழுத்துக்கொண்டு வரும். இருபதில் ஒன்று கெட்டாலே 5 சதவீதம் நட்டம். படலம் சற்றுச் சரிந்து ஏறினாலும் இதே கதை: அரை மீற்றருக்கு 1 மில்லிமீற்றர் சரிவு, இரண்டு மீற்றரில் 4 மில்லிமீற்றர் ஆகிவிடும்; ஓரத்து உருவங்கள் றோலருக்குள் போய்விடும். நீண்ட வேலையை ஒரு மீற்றர் துண்டுகளாகப் பிரித்தால் சரிவு கூடுமுன் மறுபடி நேராக்கலாம். மாரியில் அடித்தாள் ஈரத்தை இழுத்து விரியும் என்பதால், றோலைப் பொலித்தீன் உறையை விட்டு வெளியே எடுத்துச் சில மணிநேரம் கடைக்காற்றில் வைத்தபின் வெட்டுவது நல்லது. கத்தியின் அழுத்தத்தையும் புது றோலில் சோதிக்க வேண்டாம். அதே படலத்தின் பழைய துண்டொன்றில் ஒரு சென்ரிமீற்றர்ச் சதுரம் வெட்டிப் பாருங்கள். சதுரம் சுத்தமாக உரிந்து, அடித்தாளில் கீறல் தெரிந்தும் கிழியாமல் இருந்தால் அழுத்தம் சரி.

அந்தப் பழைய துண்டு எந்த வடிவில் மிஞ்சியது என்பதும் அடுக்கலில் அடங்கும். ஒரே பரப்பளவு பத்து ஒல்லித் துண்டுகளாகச் சிதறிக் கிடந்தால் குப்பை. றோலின் முழு அகலத்துக்கு 30 சென்ரிமீற்றர்ச் செவ்வகமாக ஒரே இடத்தில் மிஞ்சினால் நாளைய தோட்டக்காரரின் பெயர் அதில் அடங்கும். மென்பொருள் இரண்டு அடுக்குகளைச் சம நீளத்தில் காட்டினால், வெற்றிடத்தை ஒரு மூலையில் ஒதுக்கியிருப்பதைத் தெரிவுசெய்யுங்கள். மிஞ்சிய செவ்வகத்தைச் சுருட்டி, பின்புறத்தில் அகலத்தையும் நீளத்தையும் பேனாவால் எழுதி, அகல வரிசையில் நிறுத்திவையுங்கள். அளவு எழுதாத துண்டை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. கை நேராகப் புது றோலுக்குத்தான் போகும்.